சித்தப்பாவின் முப்பத்தொன்றும் சிவனேஸ்வரியின் எம்.ஓ.ரி.யும்

லண்டனில் செவன் கிங்ஸ் ஸ்டேசனைச் சுற்றியுள்ள தெருக்களில் நாற்பது வயது தாண்டிய யாழ்ப்பாணப் பெண் ஒருவர் கார் ஓட்டிக்கொண்டு போனால், அவருக்கு ஓட்டப் பழக்கியவர் பெரும்பாலும் சிவனேஸ்வரியாகத்தான் இருப்பார். கண்டுபிடிப்பது சுலபம். ஸ்டியறிங்கை இரண்டு கையாலும் பால் செம்பைப் பிடிப்பதுபோலப் பிடித்திருப்பார்கள். ஒரு காக்கை கூட இல்லாத தெருவில் திரும்புவதற்கும் மூன்று கண்ணாடிகளையும் பார்ப்பார்கள். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடித்தால், அவன் பாவம் ரீச்சரிடம் படிக்கவில்லை என்று இரக்கப்படுவார்கள்.

ரீச்சருக்கு ஐம்பத்துநான்கு வயது. வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறதென்று அவருக்கே தெரியாது. மூக்குக் கண்ணாடியை ஒருமுறை பிரிட்ஜுக்குள் இருந்து எடுத்தார். ஆனால் காருக்குள் ஏறிவிட்டால் வேறு பிறவி. இருபது என்று போட்டிருந்தால் இருபதுதான். இதனால் அவர் போய்ச் சேர்ந்த கலியாணங்களில் பெரும்பாலும் தாலி கட்டி முடிந்திருக்கும். லைசென்சில் ஒரு தண்டப் புள்ளி இல்லை. பார்க்கிங் தண்டம்கூட இல்லை. கார்க் கண்ணாடியில் ஒட்டியிருக்கும், ஓட்டப் பழக்க அனுமதி தரும் பச்சை பட்ஜ்தான் அவருடைய சோறு, அவருடைய மரியாதை, வீட்டில் அவருடைய வாய்க்கு இருக்கும் பலம். ஆறு புள்ளி விழுந்தால் அந்தப் பட்ஜைப் பறித்துவிடலாம். சிவனேஸ்வரிக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. ஆறு புள்ளியில் இருந்தது.

கணவர் குகநாதன் ஜெர்மனியில் பதினெட்டு வருடம் ஆணித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பிள்ளைகள் இங்கிலீசு படிக்கவேண்டும் என்று குடும்பத்தோடு லண்டனுக்குப் பெயர்ந்தார். பிள்ளைகள் படித்தார்கள். எவ்வளவு நன்றாகப் படித்தார்கள் என்றால் இப்போது அவரோடு வேறு மொழி பேசுவதில்லை. ஜெர்மனியில் இருந்த காலமெல்லாம் லண்டனைப் புகழ்ந்த மனிதர், லண்டனுக்கு வந்த நாளிலிருந்து ஜெர்மனியைத் தவிர வேறொன்றைப் புகழ்ந்ததில்லை. ஜெர்மன் ரோட்டு, ஜெர்மன் பாண், ஜெர்மன் குப்பை வாளி.

ஒரு மாசி மாதம் அவருடைய அக்கா பாலாம்பிகை ஜெர்மனியில் டோர்ட்முண்டில் இருந்து போன் எடுத்தார். சித்தப்பா பரமேஸ்வரன் சாகக் கிடக்கிறாராம். பரமேஸ்வரன் சாகக் கிடப்பது வருடாந்தத் திருவிழா மாதிரி. ஆனாலும் பிள்ளை இல்லாத மனிதர், கொள்ளி வைக்கவேண்டியவர் குகநாதன். போகாமல் இருக்க முடியாது. குகநாதனின் கார் கராஜில் எஞ்சினைக் கழற்றி வைத்தபடி கிடந்ததால், சிவனேஸ்வரியின் பழக்கும் காரிலேயே வெளிக்கிட்டார்கள்.

வெளிக்கிடுமுன் சிவனேஸ்வரி ஒன்று சொன்னார்.

"எம்.ஓ.ரி. முடியப் போகுது. செய்விச்சுப்போட்டுப் போவமே?"

எம்.ஓ.ரி. என்பது கார் ரோட்டில் ஓடத் தகுதியானது என்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்கவேண்டிய சேர்ட்டிபிக்கற். அது இல்லாத காரை ஓட்டினால் இன்சூரன்ஸ்காரன் கையை விரிப்பான் என்பதும், இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் ஆறு புள்ளி என்பதும் சிவனேஸ்வரி தன்னிடம் ஓட்டப் பழகும் எல்லாருக்கும் முதல் நாளே சொல்லும் பாடம்.

"சித்தப்பா உம்மடை எம்.ஓ.ரி. மட்டும் பாத்துக்கொண்டு இருப்பாரோ? ஒரு கிழமையில வந்திடுவம், ஏறும்," என்றார் குகநாதன்.

பழக்கும் காரில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஐரோப்பாவில் ரோட்டுத் தெரிந்தவர் என்ற முறையில் குகநாதன்தான் ஓட்டினார். ஓட்டினார் என்று சொல்வது மரியாதைக்கு. அவர் வேகம் எடுப்பார், இடது பக்கம் இருந்தபடி சிவனேஸ்வரி நிறுத்துவார். பிரெஞ்சுத் துறைமுகமான கலேயில் இருந்து டோர்ட்முண்ட் வரை அந்தக் குடும்பம் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. அவர்களுடைய கலியாணமும் ஏறக்குறைய இந்த முறையில்தான் முப்பது வருடம் ஓடியிருக்கிறது.

சித்தப்பா குகநாதனைக் கண்டதும் எழும்பி இருந்தார். அடுத்த நாள் ஒடியல் கூழ் கேட்டார். நாலாம் நாள் தடி இல்லாமல் கழிவறைக்குப் போய் வந்தார். மருமகள் வந்த ராசி என்று பாலாம்பிகை நாவூறு கழித்தார். இவர்கள் திரும்புவதற்கு முதல்நாள், பைகளைக் கட்டி வாசலில் வைத்தாயிற்று. சித்தப்பா இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார், தொலைக்காட்சியில் உதைபந்தாட்டம் பார்த்து நடுவரைத் தூசணத்தால் திட்டினார், நிம்மதியாகப் படுத்தார். பிறகு எழும்பவில்லை.

அழுகையோடு அழுகையாகச் சிவனேஸ்வரி மனதுக்குள் நாள் எண்ணினார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. எம்.ஓ.ரி. முடிவது அதற்கு முன்னால்.

"இஞ்சாருங்கோ, செத்தவீடு முடிய நான் காரைக் கொண்டுபோறன். நீங்கள் முப்பத்தொண்டைச் செய்துபோட்டு பிளேனில வாங்கோ," என்று கணவரிடம் ரகசியமாகச் சொன்னார். செத்தவீட்டில் ரகசியமாகச் சொல்வதைவிட ஒலிபெருக்கியில் சொல்லலாம்.

பாலாம்பிகை சமையலறைக்கே வந்துவிட்டார். "கொள்ளி வைச்சவன்ரை பெண்சாதி துடக்கோட துடக்கா வெளிக்கிட்டவளாம் எண்டு ஜெர்மனி முழுக்கக் கதைக்கட்டும், என்ன? கார் போனால் வேற கார் வாங்கலாம் மச்சாள்."

"காருக்கு ஒண்டுமில்லை மச்சாள். சேர்ட்டிபிக்கற்தான் சாகப்போகுது."

"அப்ப அதுக்கும் சேர்த்து முப்பத்தொண்டைச் செய்து போட்டுப் போங்கோ!"

லண்டன் பொலிஸுக்குப் பயப்படுகிற சிவனேஸ்வரி டோர்ட்முண்டின் வாய்களுக்கு அதைவிடப் பயந்தார். நின்றார். எம்.ஓ.ரி. முடிந்த அன்று காலையில் கார்த் திறப்பை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். இனி அந்தக் கார் அசையாது. லண்டனில் கார் பழகுகிறவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் எடுத்து வகுப்புகளைத் தள்ளிப்போட்டார். அதில் ஒருவர் ஐந்து தரம் சோதனையில் தவறியவர். அவர் மட்டும் சந்தோசப்பட்டார்.

அந்தியேட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, சிவனேஸ்வரி உழுந்து அரைத்துக்கொண்டு நின்றார். குகநாதன் சிரித்த முகத்தோடு வந்து ஒரு தாளை மாவுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இந்தாரும். உம்மடை பிரச்சினை முடிஞ்சுது."

காரை ஜெர்மன் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். குறை ஒன்றுமில்லை என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள்.

"என்னெண்டு கொண்டுபோனீங்கள்? திறப்பு என்னட்டை எல்லோ இருக்கு."

"மற்றத் திறப்பு என்னட்டை."

"எம்.ஓ.ரி. இல்லாத காரை ரோட்டில ஓட்டினீங்களோ?"

"எம்.ஓ.ரி. எடுக்கத்தானே ஓட்டினனான்! ஜெர்மன்காரன் பாத்தால் பாத்ததுதான். உங்கடை இங்கிலீசுக்காரன் ரயரைக் காலால உதைஞ்சுபோட்டு சேர்ட்டிபிக்கற் தருவான். இவன் காருக்குக் கீழ பூந்து பாத்தவன்."

"இவன் காருக்குக் கீழேயே குடியிருந்தாலும் அங்கை செல்லாது, அப்பா. வெளிநாட்டுச் சோதனை எம்.ஓ.ரி. ஆகாது."

குகநாதன் அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். பதினெட்டு வருடம் ஜெர்மன் முத்திரையின் பலத்தால் வாழ்ந்த மனிதர். ஒரு முத்திரை கடல் தாண்டினால் செத்துப்போகும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

சிவனேஸ்வரி அன்று பின்னேரம் முழுவதும் போனில் இருந்தார். இன்சூரன்ஸ் கம்பனிப் பெண் முதலில் சித்தப்பாவுக்காக அனுதாபம் தெரிவித்தார், பிறகு நெடுநேரம் சங்கீதம் கேட்க வைத்தார், கடைசியில் வெளிநாட்டு ரோட்டில் எம்.ஓ.ரி. இல்லாமல் ஓடினால் காப்புறுதி நிற்குமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். சட்டத்தில் ஒரேயொரு வாசல்தான் திறந்திருந்தது: இங்கிலாந்தில் இறங்கியதும், முன்கூட்டியே பதிந்து வைத்த சோதனை ஒன்றுக்கு நேரே ஓட்டிக்கொண்டு போகலாம். சிவனேஸ்வரி கப்பல் வந்து சேரும் டோவரில் ஒரு கராஜில் நேரம் பதிந்தார்.

"ஏன், வீட்டுக்குக் கிட்ட இல்போர்டில எங்கடை கராஜ் இருக்கே?"

"நேரே போகவேணும் எண்டு கிடக்கு. எழுபது மைல் தள்ளிப் போறதுக்குப் பேர் நேரேயோ?"

டோவர் வரை காரை ஓட்டாமல் எப்படிக் கொண்டுபோவது? அதற்குத்தான் ஜீவரத்தினம் வந்தார்.

ஜீவரத்தினம் இன்று டோர்ட்முண்டில் பழைய கார்களை லொறியில் ஏற்றி இறக்கும் தொழில் செய்கிறவர். முன்பு ஆட்களை ஏற்றி இறக்கினார். தொண்ணூற்றிரண்டில், செக் எல்லையில் இருந்து இருபத்திரண்டு வயதுச் சிவனேஸ்வரியை ஜெர்மனிக்குள் கொண்டுவந்தது அவர்தான். வெங்காய மூட்டைகளுக்கு நடுவில். லொறி எங்கே போகிறது, எப்போது திரும்பும், எப்போது குலுக்கும் என்று ஒன்றும் தெரியாமல், ரோட்டைக் காணாமல், ஒரு இரவு முழுவதும். கைநிறைய வாந்தி எடுத்தார், ஆனால் சத்தம் போடவில்லை. இனி வாழ்நாளில் ரோட்டைப் பார்க்காமல் ஒரு வாகனத்தில் போவதில்லை என்று அந்த மூட்டைகளுக்கு நடுவில் படுத்திருந்துதான் முடிவு செய்தார். வெங்காயம் உரிக்கும்போது மற்றவர்களுக்குக் கண்ணீர் வரும். சிவனேஸ்வரிக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான் வரும்.

"டோவரில ஒரு பழைய வான் எடுக்கப் போறன், தங்கச்சி. போகேக்கை லொறி வெறுமையாத்தான் போகும். உம்மடை காரை ஏத்துறன்," என்றார் ஜீவரத்தினம். "பேப்பர் இல்லாத ஆக்களையே கொண்டுவந்தனான். காருக்கு ஏன் இவ்வளவு யோசனை?"

"அப்ப நான் சத்தி எடுத்தனான், அண்ணை."

"கார் சத்தி எடுக்காது."

அந்தியேட்டி முடிந்த மறுநாள் விடியக் கிளம்பினார்கள். லொறியின் திறந்த தட்டில் கார் நாலு பக்கமும் வார் போட்டுக் கட்டப்பட்டு இருந்தது. முன்னால் மூன்று இருக்கை. ஒரு பக்கம் ஜீவரத்தினம், மறுபக்கம் குகநாதன், நடுவில் சிவனேஸ்வரி. காலடியில் பிரேக் இல்லாததால் வெறும் தகட்டை மிதித்தபடி இருந்தார்.

ஆண்கள் இருவரும் எல்லை தாண்டிய பழைய போடர்க் கதைகள் கதைத்தார்கள். குகநாதன் கிழக்கு பெர்லினுக்கு பிளேனில் வந்து, ரிக்கெற் வாங்கி றெயினில் மேற்குக்குப் போனவர். வழியில் பனிஸ் கூடச் சாப்பிட்டிருக்கிறார். ஆனால் கதையில் அவரும் ஆற்றை நீந்தினார். கலேயில் லொறி வரிசை அசையாமல் நின்றது. பொழுது போகாத ஜீவரத்தினம் வெங்காயக் கதையை எடுத்தார்.

"எல்லாரும் முனகிச்சினம் குகன். உம்மடை ஆள் மட்டும் ஒரு சத்தம் இல்லை. மூட்டை மாதிரியே கிடந்தா. அப்பிடி ஒரு நல்ல பாசெஞ்சர் எனக்குப் பிறகு கிடைக்கேல்லை."

"இப்ப ஒருக்கா ஏத்திப் பாருங்கோ அண்ணை! வாய் மூடாது!"

இருவரும் சிரித்தார்கள். சிவனேஸ்வரி சிரிக்கவில்லை.

"எனக்கு மூச்சு முட்டுது. தள்ளுங்கோ."

இறங்கினார். காலாற நடக்கப் போகிறார் என்று அவர்கள் நினைத்தார்கள். சிவனேஸ்வரி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, லொறித் தட்டில் ஏறி, தன் காரைத் திறந்து, தன் இருக்கையில் இருந்து கதவைச் சாத்தினார். என்ன அமைதி. கண்ணுக்கு முன்னால் கடல் கூடத் தெரிந்தது. ஒரு மாதமாக அவருக்குக் கிடைத்த முதல் தனிமை.

அப்போது பார்த்து வரிசை அசைந்தது. கதையில் மூழ்கிய ஆண்கள் நடு இருக்கையைக் கவனிக்கவில்லை; லொறியும் அசைந்தது. ஓடும் வாகனத்தில் இருந்து இறங்கக்கூடாது என்பது சட்டம். ஓடும் வாகனத்துக்குள் இருந்தால் பெல்ற் போடவேண்டும் என்பதும் சட்டம். சிவனேஸ்வரி பெல்ற் போட்டார். கைகள் பழக்கத்தில் ஸ்டியறிங்கைப் பிடித்தன.

லொறி பிரிட்டிஷ் சோதனைச் சாவடியில் நின்றது. அதிகாரி இரண்டு கடவுச்சீட்டுகளை வாங்கிப் பார்த்தார். வண்டியில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

முப்பது வருடத்துக்கு முன்பு ஜீவரத்தினம் இந்தக் கேள்விக்கு எத்தனையோ எல்லைகளில் பதில் சொன்னவர். நாக்குத் தானாகவே எழும்பியது.

"நோ சேர். நோபடி."

குகநாதனும் தலையை ஆட்டினார். எல்லையில் ஒருவர் இல்லை என்றால் மற்றவரும் இல்லை என்பதுதான் முறை. ஆட்டிய பிறகுதான் நடு இருக்கை வெறுமையாக இருப்பதைக் கண்டார். பின்கண்ணாடியால் பார்த்தார். இப்போது திருத்திச் சொன்னால் இன்னும் பிழையாகிவிடும் என்று நினைத்து, வாயை மூடிக்கொண்டார்.

அதிகாரி வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். லொறிக்கு மேலே, காருக்குள், பெல்ற் போட்டு, இரண்டு கையாலும் ஸ்டியறிங்கைப் பிடித்தபடி ஒரு பெண் அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று கண்ணாடிகளும் சரியாக வைக்கப்பட்டிருந்தன.

மூவரையும் தனித்தனி அறைகளில் இருத்தினார்கள். சிவனேஸ்வரிக்கு முன்னால் இருந்த பெண் அதிகாரிக்கு மகளின் வயதுதான் இருக்கும். முகமெல்லாம் செம்புள்ளி.

"ஏன் ஒளிந்திருந்தீர்கள்?"

"நான் ஒளியவில்லை. என் காரில் இருந்தேன்." சிவனேஸ்வரி பிரிட்டிஷ் கடவுச்சீட்டை மேசையில் வைத்தார். போதாது என்று பட்டதால், பயணத்துக்காகக் கண்ணாடியில் இருந்து கழற்றிக் கைப்பையில் வைத்திருந்த பச்சை பட்ஜையும் வைத்தார்.

அதிகாரி இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். "சீட்டுக்குக் கீழே கண்டிருக்கிறேன், டிக்கிக்குள் கண்டிருக்கிறேன். ஓட்டுநர் இருக்கையில் பெல்ற் போட்டபடி இதுவரை யாரும் அகப்படவில்லை. பாஸ்போர்ட் உள்ளவர் ஒருவரும் அகப்படவில்லை."

"வாகனம் அசைந்தது. அதனால் போட்டேன்."

"லொறியில் ஏற்றிய காருக்குள் இருப்பது எவ்வளவு ஆபத்து தெரியுமா? வார் அறுந்தால்? நீங்கள் ஓட்டப் பழக்குகிறவர். உங்களுக்கு இதெல்லாம் நான் சொல்லவேண்டுமா?"

சிவனேஸ்வரி தலை குனிந்தார். வீதிப் பாதுகாப்புப் பற்றி அவருக்கு இதுவரை ஒருவரும் பாடம் எடுத்ததில்லை. அந்தப் பிள்ளை சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. தானும் இதே சொற்களில், இதே குரலில்தான் சொல்லியிருப்பார். கேட்கிற இடத்தில் இருந்தால் இந்தக் குரல் எவ்வளவு எரிச்சலூட்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"இது என் பதிவில் ஏறுமா?" என்று கேட்டார். "பட்ஜ் போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது."

அதிகாரி கண்ணாடிச் சுவருக்கு அப்பால் இருந்த குகநாதனைப் பார்த்தார். அவர் ஜெர்மன் சோதனைத் தாளை விரித்து இன்னொரு அதிகாரிக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அவர் உங்கள் கணவரா?"

"ஓம்... ஆம்."

"நீங்கள் இல்லை என்று தலையாட்டியிருக்கிறாரே?"

"அவர் வீட்டிலும் அப்படித்தான்."

அந்தப் பெண் சிரிப்பை அடக்க இருமினார். லொறி ஓட்டிய ஜீவரத்தினத்துக்கு ஒரு எச்சரிக்கை எழுதப்பட்டது. சிவனேஸ்வரியின் பெயர் எங்கும் ஏறவில்லை. கடவுச்சீட்டுக்கு மேலே பட்ஜை வைத்து அதிகாரி இரண்டையும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

கப்பல் போய்விட்டது. அதோடு டோவரில் பதிந்த நேரமும் போய்விட்டது. பதியாத சோதனைக்கு ஓடினால் அது சட்டத்துக்குப் புறம்பு. சிவனேஸ்வரி துறைமுகத்தில் நின்றபடியே கராஜுக்குப் போன் எடுத்தார். றொனால்ட் என்ற மனிதர் எடுத்தார். பூட்ட முன் கடைசியாக ஒரு இடம் இருக்கிறது, பிந்தினால் நாளைக்குத்தான் என்றார். சிவனேஸ்வரி அதைப் பதிந்தார்.

அடுத்த கப்பலில் டோவருக்குப் போனதும் ஜீவரத்தினம் காரை இறக்கி வைத்தார்.

"தங்கச்சி, பழக்க தோசம். மன்னிச்சுக்கொள்ளும்."

"அண்ணை, முந்தி நான் சத்தம் போடேல்லை எண்டு சொன்னீங்கள். இண்டைக்கும் போடேல்லை. கவனிச்சீங்களோ?"

ஜீவரத்தினம் தலையைச் சொறிந்துகொண்டு வான் எடுக்கப் போனார்.

சிவனேஸ்வரி ஓட்டினார். ஒரு மாதத்துக்குப் பிறகு இடது பக்க ரோட்டு. குகநாதன் பக்கத்தில், பிரேக்கில் கால் முட்டாமல் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு இருந்தார். நீரிழிவுக்காரர். கப்பலில் இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்தவர். முதல் சந்தியிலேயே தொடங்கினார்.

"அந்தக் கடையடியில ஒருக்கா நிப்பாட்டும்."

"ஏலாது."

"ஒண்டுக்கு வருது, சிவனேசு!"

"நேரே போகவேணும் எண்டுதான் சட்டம். ஒண்டுக்குப் போறதைப் பற்றி அதில ஒண்டும் எழுதேல்லை."

"மனுசர் எழுதின சட்டமோ இது?"

"அந்தியேட்டியும் மனுசர் எழுதினதுதான். அதுக்கு நான் நிண்டனான் எல்லோ?"

குகநாதன் காலடியைப் பார்த்தார். முப்பது வருடத்தில் முதல்முறையாக பிரேக் அவர் பக்கம் இருந்தது. ஒரு மிதி. கார் நின்றுவிடும். கடையில் கழிவறை இருக்கும். வியர்த்தது. பின்னால் ஒரு பொலிஸ் கார் வந்து ஒட்டிக்கொண்டதைக் கண்ணாடியில் இருவரும் ஒரே நேரத்தில் கண்டார்கள். சிவனேஸ்வரியின் விரல்கள் ஸ்டியறிங்கில் வெளுத்தன. குகநாதன் இரண்டு காலையும் தூக்கி இருக்கையில் சம்மணம் கொட்டி இருந்தார். தவம் செய்கிறவர்போலக் கண்ணை மூடிக்கொண்டார். பொலிஸ் கார் அடுத்த வளைவில் திரும்பிப் போனது.

கராஜ் வாசலில் கார் நின்றதும் நிற்காததுமாகக் குதித்து ஓடினார். ஓடும் வாகனத்தில் இருந்து இறங்கியதற்காக அன்று மட்டும் சிவனேஸ்வரி அவரை ஏசவில்லை.

றொனால்ட் காரைத் தூக்கிப் பார்த்தார். கீழே நின்று விளக்குப் பிடித்தார். சிவனேஸ்வரி நகத்தைக் கடித்தபடி நின்றார். கார் தவறினால் செவன் கிங்ஸுக்கு ஓட்டிப் போக முடியாது. கடைசியில் றொனால்ட் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பாஸ். ஒரேயொரு விசயம். ஓட்டுகிறவரின் பிரேக் மிதியின் றப்பர் புதிது மாதிரி இருக்கிறது, பக்கத்து இருக்கைப் பிரேக்கின் றப்பர் தேய்ந்து தகடு தெரிகிறது. இதற்காகத் தவறவிடமாட்டேன், ஆனால் மாற்றுவது நல்லது என்றார்.

"பாத்தீரோ," என்றார் வயிறு லேசாகித் திரும்பி வந்த குகநாதன். "குறை ஒண்டும் இல்லை. ஜெர்மன்காரன் அப்பவே சொன்னவன்."

சிவனேஸ்வரி பட்ஜைக் கண்ணாடியில் திரும்ப ஒட்டினார். நேராக ஒட்டியிருக்கிறதா என்று வெளியே இறங்கி நின்றும் பார்த்தார். பிறகு உள்ளே ஏறி, பெல்ற் போட்டு, மூன்று கண்ணாடிகளையும் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ. உங்கடை மற்றச் சித்தப்பா, பாரிஸில இருக்கிறவர், அவர் இப்ப எப்பிடி?"

"அவரோ? நல்ல சுகம். நேற்றும் போனில கதைச்சவர். இரண்டு நேரமும் நடக்கப் போறாராம்."

பரமேஸ்வரனும் கடைசி நாளில் நல்ல சுகமாகத்தான் இருந்தார். சிவனேஸ்வரி இறங்கி, மூடப்போன கராஜ் கதவைத் தட்டினார். அடுத்த வருடத்துச் சோதனையை ஒரு மாதம் முந்தியே செய்துகொள்ள முடியுமா என்று றொனால்டிடம் கேட்டார்.